அடி வாங்குகிற உடம்பு: சும்மா படம் பார்க்கிறவரின் சில கருத்துகள்

1

சினிமாவைப் பற்றிப் பேச நம்மிடையே இரண்டு பேருக்குத்தான் அனுமதி இருக்கிறது. ஒருவர் ரசிகர், இன்னொருவர் விமர்சகர். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் என்று ரசிகரை விமர்சகர் ஏளனம் செய்வார். யாரும் பார்க்காத படத்தைப் பற்றி யாருக்கும் புரியாமல் எழுதுகிறவர் என்று விமர்சகரைப் பார்த்து ரசிகர் சிரிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து கணக்கில் சேர்க்காமல் விடுவது மூன்றாவது ஆளை. அவர் சும்மா படம் பார்க்கிறவர். இயக்குநர் பெயரெல்லாம் அவருக்கு நினைவிருக்காது. தொலைதூரப் பஸ்ஸில் பாதிப் படத்தில் ஏறி, முடிவதற்குள் இறங்கியிருப்பார். டீக்கடையில் கிளாஸ் காலியாகும்வரை, சலூனில் முறை வரும்வரை, ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும்வரை பார்ப்பார். கையில் ரிமோட் கிடைத்தால் ஒரு படத்தில் ஐந்து நிமிஷம், இன்னொன்றில் ஐந்து நிமிஷம். இவருக்கு என்ன பெரிய கருத்து இருந்துவிடப் போகிறது என்றுதான் தோன்றும்.

இருக்கிறது என்பதே நமது வாதம். ரசிகரும் விமர்சகரும் படத்தை முதலிலிருந்து பார்க்கிறார்கள். எனவே அது என்ன வகைப் படம் என்று தெரிந்துகொண்டுதான் உட்காருகிறார்கள். போலீஸ் படம், காமெடிப் படம், பேய்ப்படம், குடும்பப் படம், சமூகப் படம் என்றெல்லாம் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். வகைமை என்பது கதையைப் பற்றிய ஒரு தகவல் என்றே பொதுப்புத்தி கருதுகிறது. உண்மையில் அது ஓர் உத்தரவு. திரையில் ஒரு உடம்பு அடிபடும்போது நீ சிரிக்க வேண்டுமா, விசிலடிக்க வேண்டுமா, பயப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற உத்தரவு. பாதியில் வந்து உட்கார்ந்தவருக்கு அந்த உத்தரவு முழுசாக வந்து சேர்வதில்லை. யாரோ யாரையோ அடிக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவர் கண்ணில் படுகிறது.

கருத்தியல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வந்த அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில் ஒரு தெருக்காட்சியைச் சொன்னார். போலீஸ்காரர் "ஏய், உன்னைத்தான்" என்று கூப்பிடுகிறார். கூப்பிடப்பட்டவர் திரும்பிப் பார்க்கிறார். அந்தத் திரும்புதலில் அவர் சட்டத்தின் முன் ஒரு தன்னிலையாகிவிடுகிறார். திரைப்படமும் இப்படித்தான் நம்மைக் கூப்பிடுகிறது. அல்தூசர் எடுத்துக்காட்டுக்குப் போலீஸ்காரரை அழைத்தது தற்செயலாக இருக்கலாம். தமிழ் சினிமா போலீஸ்காரரை இத்தனை முறை அழைத்துக்கொண்டிருப்பது தற்செயல் இல்லை.

2

2003ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஹரியின் 'சாமி', கௌதம் மேனனின் 'காக்க காக்க', சுந்தர் சி.யின் 'வின்னர்' மூன்றும் அந்த ஒரே ஆண்டில் வந்தவை. முதலிரண்டும் போலீஸ் படங்கள். மூன்றாவது, அதன் கதாநாயகனை மறந்துவிட்டு வடிவேலுவுக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிற படம்.

'சாமி'யில் திருநெல்வேலிக்கு வருகிற அதிகாரி ஆறுச்சாமி, ஊரைத் தன் பிடியில் வைத்திருக்கும் பெருமாள் பிச்சையைக் கடைசியில் செங்கல் சூளையில் வைத்து முடிக்கிறார். பெருமாள் பிச்சை தலைமறைவாகிவிட்டார் என்று ஊருக்குச் சொல்லப்படுகிறது. படம் சுபம். தியேட்டரில் விசில். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இது என்ன? காவல்துறை ஒருவரைக் கொன்று, உடலை இல்லாமல் செய்து, காணாமல் போனவர் கணக்கில் எழுதுகிறது. காஷ்மீரத்திலும் ஈழத்திலும் தாய்மார்கள் பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்திக்கொண்டு தெருவில் உட்கார்ந்தது இதைக் கேட்டுத்தான். அதையே நம் ஊர் சினிமா ஒரு மகிழ்ச்சியான முடிவாக, பொங்கல் தீபாவளிக்கு டிவியில் போடக்கூடிய ஒன்றாகக் கட்டமைத்துத் தந்திருக்கிறது. பெருமாள் பிச்சை கெட்டவன்தானே என்பார்கள். கெட்டவன் என்று தீர்மானித்தது யார்? திரைக்கதை. வெளியே அதே வேலையை முதல் தகவல் அறிக்கை செய்கிறது.

'காக்க காக்க' இதே சரக்கை நகரத்து உடுப்பில் தருகிறது. திருநெல்வேலிப் பேச்சு கிடையாது, கத்தல் கிடையாது. அன்புச்செல்வனும் நண்பர்களும் படித்தவர்கள், காதலிக்கிறவர்கள், நல்ல சட்டை போடுகிறவர்கள். அவர்கள் சுடும்போது அது கொலையாகத் தெரிவதில்லை, அலுப்பூட்டும் ஒரு கடமையைப்போல இருக்கிறது. இந்த வகைப் படங்களில் மனித உரிமை என்ற சொல் வரும்போதெல்லாம் வேலை செய்கிறவருக்கு இடைஞ்சலாகவே வரும். உண்மை அறியும் குழுக்களில் போய்வருகிற நண்பர்களுக்கு இது புதிதல்ல. "ரவுடிக்கு வக்காலத்து வாங்க வந்துட்டீங்களா?" என்ற கேள்வி எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்கப்பட்டது என்று தேடினால் இந்தப் படங்களின் வாசலில்தான் போய் நிற்போம்.

இந்தப் படங்களில் கதாநாயகர்கள் அடி வாங்குவதில்லையா? வாங்குகிறார்கள். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து ஒரு முறை இருக்கிறது. கதாநாயகன் முதலில் இரண்டு அடி வாங்குவார், உதட்டோரம் ரத்தத்தைத் துடைத்துப் பார்ப்பார், அப்புறம் ஆரம்பிப்பார். அவர் வாங்குகிற அடி ஒரு முதலீடு. வட்டியோடு திரும்பி வரும் என்று நமக்குத் தெரியும். திரும்ப வராத அடியை வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்.

3

அவர்களில் முதலாவது காமெடியன். 'கரகாட்டக்காரன்' (1989) காலத்தில் கவுண்டமணி உதைப்பார், செந்தில் வாங்குவார். அடிக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே குழுவில் இருந்தார்கள். வடிவேலுவின் காலத்தில் அடிக்கிறவர் ஊரே ஆகிவிட்டது. அடிக்கும் காட்சி மட்டும் தனியாக வெட்டியெடுக்கப்பட்டு காமெடி சேனல்களில் நாள் முழுக்க ஓடுகிறது. கதையில்லை, காரணமில்லை. ஒருவர் அடி வாங்குவார், கீழே சிரிப்பு.

'வின்னர்' கைப்புள்ள வருத்தப்படாத வாலிபர் சங்கத்துத் தலைவர். வாய்ச்சவடால், பின் அடி, பின் அடுத்த காட்சியில் அதே சவடால். சும்மா பார்க்கிறவருக்கு இதில் ஒன்று உறுத்துகிறது. காமெடியனின் உடம்பில் காயம் தங்குவதே இல்லை. இப்படிக் காயம் தங்காத ஒரு உடம்பு இருக்கிறது, அதை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், அதற்கு ஒன்றும் ஆகாது என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்துப் பழகுகிறோம். கறுத்த, வசதியில்லாத, நம் தெருவில் நடமாடுகிற ஆளின் உடம்பு அது. 'ரெண்டு தட்டு தட்டினா உண்மையைச் சொல்லிடுவான்' என்று சாதாரணமாகப் பேச முடிகிற ஒரு சமூகத்துக்கு இந்தப் பழக்கம் தேவைப்படுகிறது.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் அது அரைகுறை வாசிப்பு. ஃபூக்கோ 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலில், பொது இடத்தில் நடந்த தண்டனைகளைப் பார்க்கக் கூடிய கூட்டத்தைப் பற்றி எழுதுகிறார். அந்தக் கூட்டம் ஆட்சியாளர் எதிர்பார்த்தபடி பயந்துகொண்டு மட்டும் நிற்கவில்லை. சில சமயம் தண்டிக்கப்படுகிறவர் பக்கமும் சாய்ந்தது. வடிவேலு விஷயத்திலும் இதுதான் நடந்தது. அடித்தவர் முகம் நினைவில் நிற்கவில்லை, அடி வாங்கியவர் முகம் நின்றது. விலைவாசி, கடன், மேலதிகாரியின் திட்டு என்று தன் அவஸ்தை எதையும் சொல்ல ஜனங்கள் அந்த முகத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். செல்போனில் சுற்றுகிற பாதிப் படங்கள் அவருடையவை. தவிரவும் கைப்புள்ளயின் சவடால், அதே வருஷம் ஆறுச்சாமி பேசிய வீரத்தின் கேலிச்சித்திரமாகவும் ஆகிவிடுகிறது. 'மருதமலை'யில் (2007) வடிவேலு போலீஸ்காரராக வருகிறார், பெயர் என்கவுன்ட்டர் ஏகாம்பரம். நாலு வருஷத்துக்கு முன் விசிலடிக்க வைத்த சொல் இங்கே சிரிப்பாய்ச் சிரிக்கிறது. உத்தரவு ஒழுகுகிற இடம் என்று இதைச் சொல்லலாம். இந்த ஒழுகலை விமர்சகர்கள் கண்டுகொள்வதில்லை, காமெடி டிராக்குக்கு யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்ன?

4

இரண்டாவது, பெண். 'மன்னன்' (1992) குடும்பத்தோடு பார்க்கிற படம். ஆணவக்கார முதலாளியாக விஜயசாந்தி, தொழிலாளியாக ரஜினிகாந்த். முதலாளி அறைகிறார், தொழிலாளி திருப்பி அறைகிறார். கைத்தட்டல் தொழிலாளி வர்க்கத்தின் கைத்தட்டலாகத்தான் கேட்கிறது. உழைக்கிறவரின் கை மூலதனத்தின் கன்னத்தில் விழுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் மூலதனத்துக்குப் பெண்ணின் கன்னத்தைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். முடிவில் தொழிற்சாலை அப்படியே இருக்கிறது, முதலாளியம்மாதான் இல்லத்தரசி ஆகிவிடுகிறார். வேலைநிறுத்தத்தில் ஜெயித்தது வர்க்கமல்ல, கணவன். தொழிற்சங்கத்துத் தோழர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, செத்தவர்கள். ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) பேய்ப்படம், காமெடிப் படமும்கூட. ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. ஒருவர் பிடுங்கிக்கொள்ள, அதைக் கேட்கப்போன திருநங்கை காஞ்சனா கொல்லப்படுகிறார். அவருக்கு அடைக்கலம் கொடுத்த முஸ்லிம் பெரியவரும் அவர் மகனும் கொல்லப்படுகிறார்கள். இப்படி ஒரு பட்டியல் எந்தப் புரட்சிப் படத்திலும் வரவில்லை, பேய்ப்படத்தில்தான் வந்தது. முதல் பாதியில் ஆண் உடம்பு புடவை கட்டி நடக்கும்போது அரங்கம் சிரிக்கிறது. இரண்டாம் பாதியில் அதே நடைக்காக அழுகிறது. ஒரே படத்துக்குள் உத்தரவு மாறுவதைச் சும்மா பார்க்கிறவர்கூடக் கண்டுபிடித்துவிடலாம். எந்தப் பாதியில் டிவியைப் போட்டார் என்பதைப் பொறுத்து அது வேறு படம்.

பேய்ப்படத்தின் நியாயம் விசித்திரமானது. உயிரோடு இருந்தவரை போலீஸும் கோர்ட்டும் தராத ஒன்றைச் செத்த பிறகு காஞ்சனா தானே எடுத்துக்கொள்கிறார், அதுவும் ஒரு ஆணின் உடம்பை இரவல் வாங்கி. விளிம்பில் இருப்பவருக்குத் திருப்பி அடிக்க அனுமதி உண்டு, ஆனால் செத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிறுதெய்வங்களின் கதைகள் தெரிந்தவர்களுக்கு இது பழகிய தர்க்கம். கொலையுண்டவரைக் கும்பிட்டு அடக்கிவைக்கிற மரபின் நவீன வடிவமாக ஒரு டிக்கெட்டும் இடைவேளையும் வந்து சேர்ந்திருக்கின்றன.

5

இனி நாம் மதிக்கிற படங்களுக்கு வருவோம். அங்கேதான் சங்கடம் அதிகம்.

வெற்றிமாறனின் 'விசாரணை' கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்திலிருந்து எழுதிய 'லாக்கப்' நாவலை அடிப்படையாகக் கொண்டது. 2015இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டு, 2016இல் தமிழ்நாட்டில் வெளியானது. குண்டூரில் பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளர்களைப் பிடித்து, செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். அடிபட்ட உடம்பு அடுத்த காட்சியிலும் அடிபட்ட உடம்பாகவே இருக்கிறது. காமெடிப் படம் எதை மறைத்ததோ அதை இந்தப் படம் காட்டுகிறது. ஆனால் இதைவிட முக்கியமானது இரண்டாம் பாதி. தமிழ்நாட்டுக்குத் திரும்பிய அவர்கள் ஒரு காவல் நிலையத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டு இருக்கிறார்கள். மேலே பெரிய ஆட்களின் விவகாரம் ஒன்று ஓடுகிறது. அதில் இவர்களுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அங்கே இருந்துவிட்டார்கள், பார்த்துவிட்டார்கள். அதனால் சாக வேண்டியிருக்கிறது. முதல் பாதியில் ஏழை என்பதால் அடி, இரண்டாம் பாதியில் சாட்சி என்பதால் மரணம். இந்த 'சாட்சி' என்ற சொல்லை மனசில் வைத்துக்கொள்வோம்.

த.செ. ஞானவேலின் 'ஜெய் பீம்' (2021) 1993இல் கடலூர் மாவட்டத்தில் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் வழக்கை ஒட்டியது. அவர் குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர் ஆக்கப்பட்டார். அடிபட்டவருக்காகப் பேசவந்த படத்திலேயே அடிபட்ட சமூகத்தின் பெயர் காணாமல்போயிற்று. இது அப்போதே விவாதிக்கப்பட்டது. நாம் கவனிக்க விரும்புவது வேறொரு காட்சியை. விசாரணையின்போது அடகுக்கடைக்காரர் ஒருவர் இந்தியில் பேசுகிறார். பிரகாஷ்ராஜ் நடித்த போலீஸ் அதிகாரி பளாரென்று ஒரு அறை விட்டுத் தமிழில் பேசச் சொல்கிறார். வீடுகளில் சிரிப்பு, கைத்தட்டல். இந்தி எதிர்ப்பின் வரலாறு நமக்குத் தெரியும், அந்தச் சிரிப்பின் நியாயமும் புரிகிறது. ஆனால் நடந்துகொண்டிருப்பது காவல் சித்திரவதையைப் பற்றிய விசாரணை! அதில் கேள்வி கேட்கப்படுகிறவரைப் போலீஸ் அடிக்கிறது, நாம் ரசிக்கிறோம். இந்தி வடிவத்தில் அதே அறைக்குக் காரணம் மாற்றப்பட்டது, அங்கே உண்மையைச் சொல்லச் சொல்லி அறைகிறார். ஊருக்கு ஊர் காரணம் மாறும், அறை மாறாது. நல்ல போலீஸின் அறை, கெட்ட போலீஸின் அடி என்று பிரித்துக்கொள்ள முடியும் என்று படம் நம்புகிறது. அந்த நம்பிக்கை இல்லாமல் 'சாமி'யையும் எடுத்திருக்க முடியாது.

இதனால் 'ஜெய் பீமு'ம் 'சாமி'யும் ஒன்று என்று யாராவது புரிந்துகொண்டால் அது நம் வாதமல்ல. ராஜாக்கண்ணுவின் பெயரை வீடு வீடாகக் கொண்டுசேர்த்த படம் அது. நம் பக்கத்துப் படம் என்பதாலேயே இந்த அறையைப் பார்க்காமல் தாண்டிப்போக முடியாது என்கிறோம்.

6

திருப்பி அடிப்பதே கூடாதா, காலம்பூரா அடி வாங்கியவர்கள் திரையிலாவது ஒரு தடவை ஓங்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாரி செல்வராஜின் இரண்டு படங்கள் இதற்கு இரண்டு பதில் சொல்கின்றன.

'பரியேறும் பெருமாள்' (2018) பெரும்பாலும் அடக்கிக்கொள்கிறது. சட்டக்கல்லூரி மாணவன் மேல் சிறுநீர் கழிக்கிறார்கள். கூத்தில் பெண் வேடமிட்டு ஆடுகிற அப்பாவின் வேட்டியை உருவி விரட்டுகிறார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்து எப்படி எதிர்வினை செய்வது என்று அரங்கத்துக்குத் தெரியவில்லை. பெண் வேடமிடும் ஆண் என்றால் சிரி என்ற பழைய உத்தரவு ஒரு கணம் வருகிறது, வந்து தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. படம் முடியும்போது மேஜையில் இரண்டு டீ கிளாஸ்களும் நடுவே ஒரு பூவும் இருக்கின்றன. விசிலடிக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. யோசித்துக்கொண்டே எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

'கர்ணன்' (2021) வேறு மாதிரி. 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் போலீஸ் நடத்திய தாக்குதலின் நினைவு அதில் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களை அதிகாரி அடிப்பது அவர்கள் தலைப்பாகைக்காகவும் துரியோதனன் போன்ற பெயர்களுக்காகவும். கடைசியில் கர்ணனின் வாள் அந்த அதிகாரியின் மேல் இறங்குகிறது, இங்கே விசில் உண்டு. இந்த விசிலையும் ஆறுச்சாமிக்கு அடித்த விசிலையும் ஒரே தட்டில் வைக்கிற 'நடுநிலை' விமர்சகர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஒன்று காவல் நிலையத்துக்குள்ளிருந்து வருகிறது, இன்னொன்று காவல் நிலையத்தை நோக்கிப் போகிறது. அரசு எந்திரமும் அதன் லத்திக்குக் கீழே குனிந்திருந்தவரும் சமம் அல்ல. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வாள் இறங்கியதும் நமக்குக் கிடைக்கிற நிம்மதி, கொடியன்குளத்துக்குக் கிடைத்ததா? கணக்கு தீர்ந்துவிட்டது என்ற உணர்வோடு நாம் வீட்டுக்குப் போனால், தீராத கணக்கை யார் கேட்பது?

7

2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, பாலியல் வன்கொலை வழக்கில் பிடிக்கப்பட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022இல், அவர்கள் கொல்லும் நோக்கத்தோடு சுடப்பட்டதாகச் சொன்னபோது பூக்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பூ விழுந்து ஆறு மாதம் கழித்து, 2020 ஜூனில், ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்துவைத்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்தில் பிடித்துவைத்தார்கள். இரண்டு பேரும் செத்துப்போனார்கள். அப்போது 'சாமி', 'சிங்கம்' வரிசையை எடுத்த ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். அதைப் பாராட்டலாம். ஆனால் இந்த விவகாரம் ஒரு இயக்குநரின் மனசாட்சியோடு முடிகிற ஒன்றல்ல. அந்த ஐந்து படங்களுக்கும் விசிலடித்த கைகளும் வாய்களும் அறிக்கை எதுவும் விடவில்லை.

சாத்தான்குளத்தில் அந்த இரவு நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தான் பார்த்ததை விசாரிக்க வந்த நடுவரிடம் சொன்னார். 'விசாரணை' படத்தின் தொழிலாளர்கள் இருந்த அதே இடம்தான் அவர் இருந்த இடம். அடி விழுகிற அறைக்குப் பக்கத்தில். பார்த்தவர் பார்த்ததாகச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த வழக்கு காட்டிற்று.

வகைமைகளைப் பற்றி நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். சாட்சியாக இருக்க வேண்டியவரைப் பார்வையாளராக மாற்றி உட்கார வைக்கிற ஏற்பாடு அது. இது காமெடி, சிரி. இது போலீஸ் படம், விசிலடி. இது விருதுப் படம், கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லவனாக வீட்டுக்குப் போ. இந்த ஏற்பாட்டை உடைக்க பெரிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. அடுத்த முறை டிவியில் யாரையாவது அடிக்கும்போது ஒலியை மட்டும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். பின்னணி இசை போனால் உத்தரவில் பாதி போய்விடும். அது காமெடியா, ஆக்‌ஷனா, சோகமா என்று சட்டெனச் சொல்ல முடியாது. ஒரு கை ஓங்குவதும் ஒரு உடம்பு சுருங்குவதும் மட்டும் தெரியும். யார் அந்த ஆள், எதற்கு அடிக்கிறார்கள், இதைப் பார்த்துக்கொண்டு நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்கத் தோன்றும். திரைப்பட விமர்சனம் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.